1,000 குழந்தைகளில் எத்தனை பேர்? விழுப்புரம், திண்டிவனத்தில் அந்த 28 நாள்களின் கணக்கு!

கேரளாவில் 1,000 குழந்தைகள் உயிருடன் பிறந்தால், முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துபோகிற குழந்தைகள் 6. தமிழ்நாட்டில் 13. மத்தியப் பிரதேசத்தில் 43!

எஸ்.ஆர்.எஸ் எனப்படும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை, 2020-ம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கு இது. ஒரே நாடு, ஒரே தடுப்பூசி அட்டவணை. ஆனால், பிழைப்பதற்கான வாய்ப்பு மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

சரி, விழுப்புரத்தில் எத்தனை? திண்டிவனத்தில் எத்தனை?

இந்தக் கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் இல்லை. காரணம், எஸ்.ஆர்.எஸ் மாதிரிக் கணக்கெடுப்பு. மாநில அளவுக்குத்தான் அது எண் சொல்லும். தேசிய குடும்ப நல ஆய்வு மாவட்டவாரியாக ஏராளமான தகவல்களைத் தருகிறது. பிரசவம், தடுப்பூசி, ரத்தசோகை எல்லாம் அதில் உண்டு. ஆனால், குழந்தை இறப்பு விகிதத்தை மட்டும் அதுவும் மாநிலத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஒரு மாவட்டத்தில் ஆய்வுக்கு எடுக்கப்படும் வீடுகள் குறைவு என்பதால், அதை வைத்து நம்பகமான விகிதம் சொல்ல முடியாது.

ஆக, கோவையும் விழுப்புரமும், சென்னையும் திண்டிவனமும் ஒரே '13'-க்குள் அடங்கிவிடுகின்றன. சராசரி என்பது எல்லோருக்கும் பொதுவான எண்தான். ஆனால், எந்தக் குழந்தையும் சராசரி ஊரில் பிறப்பதில்லை.

நாட்டுக்குள் எத்தனை நாடுகள்?

முதலில் பெரிய படத்தைப் பார்ப்போம். 2020-ல் இந்தியாவின் சிசு மரண விகிதம், அதாவது 1,000 பிறப்புகளில் ஒரு வயதுக்குள் நிகழும் இறப்பு, 28. உத்தரப்பிரதேசத்தில் 38. கிராமம், நகரம் என்று பிரித்தால் நாடு முழுவதும் கிராமங்களில் 31, நகரங்களில் 19.

2023-க்கான அறிக்கையில் இந்தியாவின் சராசரி 25 ஆகக் குறைந்தது. கேரளா 5-ஐத் தொட்டது. அமெரிக்காவின் விகிதமே 5.6 என்பதால், கேரளாவின் அந்த எண் அப்போது பெரிய செய்தியானது.

பணக்கார நாட்டோடு போட்டி போடும் ஒரு மாநிலமும், அதைப்போல பல மடங்கு இழப்பைச் சந்திக்கும் மாநிலங்களும் ஒரே வரைபடத்தில் இருக்கின்றன. பெண்களின் கல்வி, தாயின் வயது, ரத்தத்தின் அளவு, ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அங்கே இரவில் செவிலியர் இருக்கிறாரா... இடைவெளிக்கான காரணங்கள் இவைதான்.

இன்னொரு கணக்கும் முக்கியம். பிறந்த முதல் 28 நாள்களில் நிகழும் இறப்பைத்தான் பச்சிளம் குழந்தை இறப்பு என்கிறார்கள். 2020-ல் இது கேரளாவில் 4, தமிழ்நாட்டில் 9, உத்தரப்பிரதேசத்தில் 28, மத்தியப் பிரதேசத்தில் 31.

தமிழ்நாட்டின் கணக்கை மறுபடி பாருங்கள். முதல் ஆண்டில் இழக்கும் 13 குழந்தைகளில் 9 குழந்தைகள் முதல் 28 நாள்களுக்குள்ளேயே போய்விடுகின்றன. அதிலும் பெரும்பாலானவை முதல் வாரத்தில். குழந்தை 28 நாள்களைத் தாண்டிவிட்டால், பெரிய கண்டம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

113-லிருந்து 13 வரை

தமிழ்நாடு எப்போதும் முன்னணியில் இருந்த மாநிலம் அல்ல. 1971-ல் இங்கே 1,000 பிறப்புகளுக்கு 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அப்போது நாட்டின் சராசரி 129. பெரிய வித்தியாசம் இல்லை. 50 ஆண்டுகளில் 113, 13 ஆனது தானாக நடந்ததல்ல.

1987-ல் 300 ரூபாயுடன் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ரூபாய் என வளர்ந்தது. கர்ப்ப காலத்தில் கூலி வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்கவும், சத்தாகச் சாப்பிடவும்தான் இந்தப் பணம். 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து தட்டுப்பாடில்லாமல் போய்ச்சேர வழி செய்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்துப் பணியாற்ற, நள்ளிரவிலும் பிரசவம் பார்க்க முடிந்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது.

பலன்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. வீட்டுப் பிரசவம் என்பது ஏறக்குறைய இல்லை.

அப்படியானால், மிச்சம் இருக்கும் இழப்பு எங்கிருந்து வருகிறது? பிரசவ அறைக்கு வெளியே இருக்கும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய மாதங்கள், குழந்தையை மாற்றும் சாலை, பிரசவத்துக்குப் பிந்தைய நான்கு வாரங்கள். இந்த மூன்றையும் புரிந்துகொள்ள விழுப்புரம் மாவட்டம் நல்ல உதாரணம்.

நெடுஞ்சாலை பக்கத்தில்... கிராமம் தூரத்தில்!

1993-ல் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது விழுப்புரம். 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிரியாத விழுப்புரத்தின் எழுத்தறிவு சுமார் 72 சதவிகிதம். மாநில சராசரி 80. பெரும்பாலான மக்கள் வசிப்பது கிராமங்களில். மரக்காணத்தில் உப்பளம், கடலோரத்தில் மீன்பிடி, உள்ளே நெல், கரும்பு, சவுக்கு, செங்கல் சூளை என்று கூலியை நம்பி ஓடும் குடும்பங்கள் அதிகம்.

மருத்துவ வசதியில் இந்த மாவட்டம் பின்தங்கியது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் முடியாது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி, முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உண்டு. இரண்டு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர்.

ஆனால், மேல்மலையனூர் பக்கத்தில் ஒரு கிராமத்திலோ, மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பிலோ இருக்கும் பெண்ணுக்கு நெடுஞ்சாலைக்கு வந்து சேர்வதுதான் முதல் பயணம்.

எங்கே பிறந்தது, எங்கே இறந்தது?

இங்கே ஒரு பதிவுச் சிக்கலும் இருக்கிறது. பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம் 1969-ன்படி, சம்பவம் எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். திண்டிவனத்தில் பிறந்த குறைமாதக் குழந்தை, புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே இறந்தால், பிறப்பு தமிழ்நாட்டிலும் இறப்பு புதுச்சேரியிலும் பதிவாகும். பெரிய மருத்துவமனை இருக்கும் ஊரின் பதிவேட்டில் இறப்புகள் கூடுதலாகத் தெரியும். குழந்தை எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த ஊரின் பதிவேடு சுத்தமாகத் தெரியும்.

எனவே பதிவேட்டை மட்டும் புரட்டி 'இந்த ஊர் மோசம், அந்த ஊர் பரவாயில்லை' என்று சொல்லிவிட முடியாது. தாய் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பார்த்துக் கணக்கெடுத்தால்தான் உண்மை தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்காகத்தான் பிக்மி என்ற கர்ப்பிணிகள் பதிவு முறை இருக்கிறது. கர்ப்பம் உறுதியானதும் பதிவு செய்து 12 இலக்க எண் பெற வேண்டும். 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் கேட்கப்படுகிறது. பலரும் இதைச் சான்றிதழ் வாங்குவதற்கான சடங்காகவே நினைக்கிறார்கள். உண்மையில், ஒரு தாயை முதல் மாதங்களிலிருந்து குழந்தையின் தடுப்பூசி வரை தொடர்வதற்கான கயிறு அது.

அந்தக் கயிறு அறுந்துபோகும் இடங்களும் உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்குப் போகிறார். பல மாதங்களாக அவரைக் கவனித்துவந்த கிராம சுகாதார செவிலியர் ஓர் ஊரில். பிரசவம் நெருங்கும் நேரத்தில் அவர் இருப்பதோ வேறு ஊரில். போகும் ஊரின் செவிலியருக்குத் தகவல் போகவில்லை என்றால், ரத்த அழுத்தம் ஏறியதும், குழந்தையின் எடை கூடாமல் நின்றதும் யாருக்கும் தெரியாமலே போகலாம்.

இன்னும் ஒரு படி கீழே, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் தொழிலாளர்கள். திண்டிவனம், மரக்காணம், செஞ்சி சுற்றுவட்டாரங்களில் வாழும் இருளர் பழங்குடிக் குடும்பங்களில் பலர் இப்படித்தான் பிழைக்கிறார்கள். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு வாங்குவதற்கே நெடிய போராட்டம் நடத்திய சமூகம் இது. ஆவணம் இல்லாத தாய் பதிவேட்டில் தாமதமாகத்தான் வருகிறார். சூளை மாறினால் மறுபடியும் காணாமல் போகிறார்.

இடைவெளி 1: பிரசவத்துக்கு முன்பு

பச்சிளம் குழந்தைகளின் இறப்புக்கு முக்கியக் காரணங்கள் நான்கு. குறைமாதப் பிறப்பு மற்றும் எடைக் குறைவு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், நோய்த்தொற்று, பிறவிக் குறைபாடு. இவற்றில் பலவற்றின் வேர் கர்ப்ப காலத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 ஆய்வு சொல்கிறது. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவிகிதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணமாகியிருந்தது. ரத்தசோகையும், உடல் முழுதாக வளராத வயதில் வரும் கர்ப்பமும், இரண்டு பிரசவங்களுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாததும், 2.5 கிலோவுக்குக் குறைவான எடையில் குழந்தை பிறக்க வழி செய்கின்றன.

இரும்புச் சத்து மாத்திரை இலவசம்தான். ஆனால், வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொண்டால் வாந்தி குறையும். மலம் கறுப்பாவது பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. மாத்திரையோடு டீ, காபி குடிக்காமல் இருந்தால் சத்து உடலில் நன்றாகச் சேரும்.

மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்துகொண்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 18 முதல் 20 வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் இதயம், முதுகுத்தண்டு போன்றவற்றின் குறைபாடுகள் பல தெரிந்துவிடும். எங்கே பிரசவம் பார்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய அது உதவும்.

இடைவெளி 2: அந்தச் சாலை

பிறந்த குழந்தை அழவில்லை என்றால், மூச்சுக்கு உதவ டாக்டருக்கும் செவிலியருக்கும் இருப்பது ஒரு நிமிடம்தான். 'பொன்னான நிமிடம்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்காக அரசு மருத்துவமனைகளில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பிரசவம் நடக்கும் எல்லா இடங்களிலும் பச்சிளம் குழந்தைக்கான வெப்ப மேசை, செயற்கை சுவாசப் பை உள்ள ஒரு மூலை. அடுத்த நிலை மருத்துவமனைகளில், நடுத்தரப் பிரச்னைகளைச் சமாளிக்கும் பிரிவு. ஆண்டுக்கு 3,000 பிரசவங்களுக்கு மேல் நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு.

ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குப் போகும் வழியில்தான் ஆபத்து. 1.5 கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் உடல் சூடு வேகமாக இறங்கும். சித்திரை வெயிலிலும் இது நடக்கும். 'விழுப்புரத்து வெக்கையில் குளிரா?' என்று தோன்றலாம். ஈரம் துடைக்காத உடம்பு, ஓடும் ஃபேன், ஏ.சி. வண்டி... இவை போதும். சூடு இறங்கினால் சர்க்கரை அளவும் குறையும், மூச்சும் தடுமாறும்.

இதற்கு விலையில்லாத ஒரு மருந்து இருக்கிறது. தாயின் மார்போடு குழந்தையைத் தோலும் தோலும் படும்படி அணைத்துக் கட்டிக்கொள்வது. கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து, 2021-ல் வெளியான ஆய்வில், 1.8 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு 25 சதவிகிதம் குறைந்தது. தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவோ, பாட்டியோ செய்யலாம்.

சாலை எப்போதும் திறந்திருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து முடங்கியது. பிரசவ தேதி கார்த்திகை மழைக் காலத்தில் வருகிறது என்றால், புயல் எச்சரிக்கை வந்தவுடனே மருத்துவமனைக்குப் பக்கத்தில் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

இடைவெளி 3: வீட்டில் நான்கு வாரங்கள்

மகாராஷ்டிராவின் பின்தங்கிய மாவட்டமான கட்சிரோலியில், டாக்டர் தம்பதி அபய் பங், ராணி பங் 1990-களில் ஒரு முயற்சி செய்தார்கள். 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கவைத்தார்கள். எடை பார்ப்பது, சூடு காப்பது, தொற்றின் அறிகுறியைக் கண்டுபிடிப்பது. மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு, இந்த ஏற்பாடு இல்லாத கிராமங்களோடு ஒப்பிடும்போது 62 சதவிகிதம் குறைந்திருந்தது.

இதைப் பின்பற்றித்தான் 2011-ல் நாடு முழுவதும் வீடு தேடி வரும் பச்சிளம் குழந்தைப் பராமரிப்புத் திட்டம் வந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாள்களில் பார்க்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் இந்த வேலை கிராம சுகாதார செவிலியரின் தோளில் இருக்கிறது. அவருக்குக் கீழே சுமார் 5,000 மக்கள்!

அவர் வராத நாள்களில், வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான் மருத்துவம். சீம்பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டு, சேனை என்று நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது; தெருவில் விற்றுவரும் கழுதைப்பாலைச் சங்கில் புகட்டுவது; மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது; தொப்புளில் சாம்பல் வைப்பது. எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால், பச்சிளம் குழந்தைக்குத் தொற்றும் புரையேறுதலும் இந்த வழிகளில் வரலாம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். சீம்பால்தான் முதல் தடுப்பு மருந்து. தொப்புளை உலர்வாக விட்டாலே போதும். முதல் நாளில் குளிப்பாட்டக் கூடாது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்!

- குழந்தை பால் குடிப்பதை நிறுத்துவது, அல்லது குடிப்பது திடீரெனக் குறைவது
- துவண்டுபோய்க் கிடப்பது, எழுப்பினாலும் அசையாதது
- நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளே இழுப்பது
- உடம்பு சுடுவது, அல்லது தொட்டால் சில்லென்று இருப்பது
- வலிப்பு
- முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் காமாலை, அல்லது எப்போதானாலும் உள்ளங்கை, உள்ளங்காலிலும் மஞ்சள் பரவுவது
- தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ்

'காலையில் பார்த்துக்கலாம்' என்பது இந்த ஏழுக்கும் பொருந்தாது. 108-ஐ அழைத்து, குழந்தையின் வயதையும் எடையையும் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வர, இலவச தாய் சேய் ஊர்திக்கு 102.

ஒரு புள்ளி என்றால் 25 குழந்தைகள்

சராசரி குறைகிறது என்பது நல்ல செய்தி. ஆனால், அதன் அளவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். ஆண்டுக்கு 25,000 குழந்தைகள் பிறக்கும் ஒரு மாவட்டத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். விகிதம் 13 என்றால் 325 குழந்தைகளின் இறப்பு. கேரளாவின் 6 அங்கே சாத்தியமானால் 150. வித்தியாசம், ஒரே ஆண்டில் 175 வீடுகளின் தொட்டில்கள். விகிதத்தில் ஒரு புள்ளி குறைந்தாலே 25 குழந்தைகள் பிழைக்கும்.

ஒவ்வொரு குழந்தையின் இறப்பையும் ஏன், எங்கே, எவ்வளவு தாமதத்தில் என்று விசாரிக்க, 2014-லேயே மத்திய அரசு வழிமுறைகளை வகுத்திருக்கிறது. குடும்பம் மருத்துவமனைக்குக் கிளம்பத் தாமதமா, வண்டி வரத் தாமதமா, வந்தபின் சிகிச்சை கிடைக்கத் தாமதமா என்று பிரித்துப் பார்ப்பதுதான் அதன் நோக்கம். அந்த விசாரணையின் முடிவு மாவட்டவாரியாக, வட்டாரவாரியாக மக்களுக்குத் தெரியும்போதுதான் மேல்மலையனூருக்கு வேண்டியது ஆம்புலன்ஸா, மரக்காணத்துக்கு வேண்டியது இன்னொரு செவிலியரா என்பது பிடிபடும். குற்றவாளியைத் தேடுவதற்காக அல்ல, அடுத்த குழந்தைக்காக.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா? பிறந்த வீட்டுக்குப் போவதற்கு முன், இரண்டு ஊர்ச் செவிலியர்களின் போன் நம்பரும் கையில் இருக்கட்டும். பிரசவமான நாளிலிருந்து 3, 7, 14, 21, 28, 42 என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அந்தத் தேதியில் செவிலியர் வரவில்லை என்றால், நீங்களே போன் செய்து கூப்பிடுங்கள். அது சலுகை அல்ல, பிறந்த குழந்தையின் உரிமை.